மனிதச் செயற்கைக் குரோமோசோம்: 1997இல் உருவானது ஏன் இன்னும் நோயாளியிடம் வந்து சேரவில்லை?

தேன்சிட்டு

டூஷென் தசைச் சிதைவு நோய்க்கான மரபணு சிகிச்சையைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்துவருகிறேன். அந்நோயில் பழுதாவது டிஸ்ட்ரோஃபின் என்னும் மரபணு. மனித மரபணுக்களிலேயே மிக நீளமானவற்றுள் ஒன்றான அது, 79 எக்ஸான்களோடு (புரதத்துக்கான குறிப்பைத் தாங்கும் துண்டுகள்) ஏறத்தாழ 22 லட்சம் கார இணைகள், அதாவது டி.என்.ஏ. எழுத்து இணைகள், நீளத்துக்கு எக்ஸ் குரோமோசோமில் பரந்து கிடக்கிறது. புரதமாக மாறும் பகுதிகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்தாலே 11,000 கார இணைகள் வருகின்றன. சிகிச்சையில் வாகனமாகப் பயன்படும் ஏ.ஏ.வி. வைரஸ் சுமக்கக்கூடியதோ ஏறத்தாழ 4,700தான். ஆகவே நடுப்பகுதியில் பெரும்பாலானதை வெட்டியெறிந்துவிட்டு, 'மைக்ரோ டிஸ்ட்ரோஃபின்' என்ற சுருக்க வடிவத்தை அனுப்புகிறார்கள்.

இதைப் படிக்கும்போதுதான் மனிதச் செயற்கைக் குரோமோசோம் என்ற சொல் கண்ணில் பட்டது. முழு மரபணுவையும், அதை இயக்கும் கட்டுப்பாட்டுப் பகுதிகளோடு சேர்த்து, தனியொரு சிறு குரோமோசோமில் ஏற்றிச் செல்லுக்குள் வைத்துவிடலாம் என்றும், அது நம் 46 குரோமோசோம்களில் எதையும் தொடாமல் 47ஆவதாகத் தனித்து நிற்கும் என்றும் எழுதியிருந்தார்கள். கேட்பதற்கு இவ்வளவு பொருத்தமாக இருக்கும் ஒன்று, முதன்முதலில் உருவாக்கப்பட்டது 1997இல் என்று அறிந்ததும் வியப்பாக இருந்தது. இத்தனை ஆண்டுகளாக எங்கே நின்றுவிட்டது? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். கூடுதலாக ஒரு குரோமோசோம் இருப்பதுதானே டவுன் நோய்க்குறிக்குக் காரணம் என்ற ஐயமும் எனக்கு உண்டு.

மருதன்

கடைசி ஐயத்துக்கு மட்டும் உடனே பதில் சொல்லிவிடுகிறேன். டவுன் நோய்க்குறியில் சிக்கல் குரோமோசோமின் எண்ணிக்கையால் வருவதில்லை. 21ஆவது குரோமோசோம் மூன்றாக இருப்பதால் அதிலுள்ள நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இரண்டுக்குப் பதில் மூன்று படிகளாக வேலை செய்கின்றன, புரதங்களின் அளவு ஏறுகிறது, அதுதான் தொல்லை. செயற்கைக் குரோமோசோமில் நாம் ஏற்றும் மரபணுவைத் தவிர வேறு மரபணு இருக்கக் கூடாது என்பதே அதன் வடிவமைப்பின் முதல் விதி. மற்ற கேள்விக்கு நுண்ணோக்கி அவர்கள் வந்து பதில் சொல்வதே சரி. அவர் இதைக் கையால் செய்தவர்.

நுண்ணோக்கி

மருதன் என்னை இழுத்துவிட்டதால் எழுதுகிறேன். சில ஆண்டுகள் செல் வளர்ப்பு ஆய்வகத்தில் இதே வேலையில் இருந்தேன்; பெரிதாக வென்றவன் அல்லன்.

ஒரு குரோமோசோம் குரோமோசோமாக நடந்துகொள்ள மூன்று உறுப்புகள் வேண்டும். நகலெடுப்பு தொடங்கும் இடம் ஒன்று. முனைகள் அரித்துப் போகாமல் காக்கும் டெலோமியர் ஒன்று. செல் பிரியும்போது இழைகள் வந்து பற்றிக்கொள்ளும் பிடியான சென்ட்ரோமியர் மூன்றாவது. இந்த மூன்றையும் கோத்தால் போதும் என்பதை 1983இல் ஆண்ட்ரூ மரேயும் ஜாக் சோஸ்டாக்கும் ஈஸ்ட்டில் செய்து காட்டினார்கள். (டெலோமியர் ஆய்வுக்காக 2009இல் எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரைடர் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இதே சோஸ்டாக்தான்.) அவர்கள் முதலில் செய்த மிகச் சிறிய குரோமோசோம்கள் பிரிவுக்குப் பிரிவு தொலைந்துபோயின, நீளம் கூடக்கூட நிலைத்தன்மையும் கூடியது. குரோமோசோமுக்கு உடம்பு வேண்டும் என்ற பாடம் அப்போதே கிடைத்துவிட்டது.

ஈஸ்ட்டில் இது எளிதாக முடிந்ததற்குக் காரணம், அதன் சென்ட்ரோமியர் வெறும் 125 கார இணைகள். அந்த வரிசையை ஒட்டினால் பிடி முளைத்துவிடும். மனிதச் செல்லில் நகலெடுப்பு தொடங்கும் இடம் ஒரு பிரச்சினையே இல்லை; போதுமான நீளமுள்ள மனித டி.என்.ஏ. எதுவானாலும் செல் எங்கேயாவது தொடங்கி நகலெடுத்துக்கொள்கிறது. டெலோமியரும் ஆறெழுத்து வரிசை ஒன்று திரும்பத் திரும்ப வருவதுதான். வட்டமாகச் செய்தால் முனையே கிடையாது, அதுகூடத் தேவையில்லை; செயற்கைக் குரோமோசோம்களில் வட்டமானவை பல உண்டு. ஆக எல்லாச் சுமையும் சென்ட்ரோமியரின் தலையில் விழுந்தது.

மனிதச் சென்ட்ரோமியரில் இருப்பது ஆல்ஃபா சாட்டிலைட் எனப்படும் 171 கார இணை அலகு. அது சிறு சிறு வேறுபாடுகளோடு ஆயிரக்கணக்கான முறை அடுக்கப்பட்டிருக்கும். ஒரு குரோமோசோமில் அந்த அடுக்கு பல லட்சம் கார இணைகள் நீளும். ஒரே மாதிரியான வரிசை என்பதால் பாக்டீரியாவில் வைத்துப் பெருக்கினால் துண்டு துண்டாக உதிரும், சுருங்கும். 1997இல் ஹண்டிங்டன் வில்லர்டின் குழு, ஆல்ஃபா சாட்டிலைட்டைச் செயற்கையாக நீட்டி அடுக்கி, டெலோமியர் டி.என்.ஏ.வையும் பொதுவான மனித டி.என்.ஏ.வையும் அதனோடு கலந்து, ஹெச்.டி.1080 என்ற புற்றுச்செல் வரிசைக்குள் செலுத்தியது. சில செல்களில் 60 லட்சம் முதல் 1 கோடி கார இணைகள் வரையிலான நுண்குரோமோசோம்கள் உருவாகி, அவற்றைப் பெறாத செல்களைக் கொல்லும் தேர்வு மருந்து எதுவும் இல்லாமல் ஆறு மாதங்கள் வரை நிலைத்தன. முதல் மனிதச் செயற்கைக் குரோமோசோம் என்று வரலாறு குறிப்பது அதைத்தான். அடுத்த ஆண்டே ஜப்பானில் இகெனோ, மசுமோட்டோ ஆகியோர், 21ஆவது குரோமோசோமின் ஆல்ஃபா சாட்டிலைட்டை ஈஸ்ட் செயற்கைக் குரோமோசோமில் ஏற்றி, அதை மனிதச் செல்லுக்குள் கொண்டுபோய்ச் செய்து காட்டினார்கள்.

கணக்கன்

இடைமறிப்பதற்கு மன்னிக்கவும். நுண்ணோக்கி அவர்கள் சொன்னதிலேயே எனக்கு ஓர் உறுத்தல் இருக்கிறது. உள்ளே போட்ட துண்டுகளின் நீளம் லட்சத்தைச் சுற்றி. வெளியே வந்த குரோமோசோமின் நீளம் ஒரு கோடி வரை. அப்படியானால் யார் கட்டினார்கள்? ஆய்வாளர் செங்கல்லை உள்ளே வீசினார். செல் தனக்குத் தெரிந்தபடி அதைப் பலமுறை நகலெடுத்து, முன்னும் பின்னுமாக ஒட்டி, அவ்வப்போது தன்னுடைய குரோமோசோமிலிருந்து ஒரு துண்டையும் பிய்த்துச் சேர்த்து, ஏதோ ஒன்றை எழுப்பிக் கொடுத்தது. இதைக் 'கட்டுதல்' என்று சொல்வது எனக்கு மிகையாகப் படுகிறது. நாம் ஏற்றிய மரபணு அதில் ஒரு படியாக இருக்கிறதா, முப்பது படிகளாக இருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா என்று சொல்ல முடியாத ஒன்றை எந்த மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் கொண்டுபோய் நீட்டுவது?

நுண்ணோக்கி

கணக்கன் சொல்வது உண்மை. பன்மடியாதல் என்று நாங்கள் குறிப்பிட்டுவந்தது இதைத்தான். நாங்கள் அதைக் குறையாகக்கூட எழுதுவதில்லை, 'செலுத்திய டி.என்.ஏ. பன்மடியாகியிருந்தது' என்று ஒரே வரியில் கடந்துவிடுவோம்.

இதை நேரில் பார்த்தால் எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். செல்களைப் பிரிதலின் நடுவில் மருந்து கொடுத்து நிறுத்தி, செறிவு குறைந்த உப்புக் கரைசலில் ஊதவிட்டு, மெத்தனாலும் அசெட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்றாகக் கலந்த கரைசலில் பதப்படுத்தி, ஈரமான கண்ணாடித் தகட்டின்மேல் ஒரு சாண் உயரத்திலிருந்து சொட்டுவிட வேண்டும். செல் வெடித்துக் குரோமோசோம்கள் பூப்போல விரியும். சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், எக்ஸ் வடிவில் தடித்து நிற்கும் குரோமோசோம்களுக்கு நடுவே ஒரு புள்ளி தெரியும். அதுதான் நம் குரோமோசோம், அல்லது தூசு. ஆல்ஃபா சாட்டிலைட்டைத் தேடிப் பற்றும் ஒளிரும் துண்டைச் சேர்த்துப் பார்த்து, புள்ளி ஒளிர்ந்தால் மட்டுமே அது குரோமோசோம். பெரும்பாலான செல்களில் புள்ளியே இருக்காது, செலுத்திய டி.என்.ஏ. பெரிய குரோமோசோம் ஒன்றின் விலாவில் போய் ஒட்டிக்கொண்டு ஒளிரும். அதைப் பார்த்துவிட்டுத் தகட்டைக் கழுவப் போட்ட நாட்கள்தான் அதிகம்.

செம்பருத்தி

டி.என்.ஏ.வும் அதைச் சுற்றிவைக்கும் புரதங்களும் சேர்ந்த குரோமாட்டினைப் பற்றிய துறையில் இருக்கிறேன். பன்மடியாதலுக்கும் சென்ட்ரோமியருக்கும் உள்ள தொடர்பைச் சொல்லாமல் விட்டால் கணக்கன் அவர்களின் கேள்விக்கு விடை கிடைக்காது. சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

மனிதச் சென்ட்ரோமியரை ஒரு டி.என்.ஏ. வரிசை என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் உருளைகளான ஹிஸ்டோன்களில் எச்3 என்பதற்கு ஒரு மாற்று வடிவம் உண்டு. சென்ப்-ஏ என்று பெயர். அது எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அங்கேதான் பிடி முளைக்கும். செல் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது பழைய சென்ப்-ஏ இரண்டு நகல்களுக்கும் பாதிப் பாதியாகப் பங்கிடப்படுகிறது. பிரிதல் முடிந்த பிறகு எச்-ஜர்ப் என்னும் துணைப்புரதம், ஏற்கெனவே சென்ப்-ஏ இருக்கும் இடத்தைத் தேடிவந்து, குறைந்த பாதியை நிரப்புகிறது. ஒற்றையடிப் பாதையைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். நேற்று அவ்வழியே நடந்ததால் புல் தேய்ந்திருக்கிறது. தேய்ந்திருப்பதால் இன்றும் அவ்வழியே நடக்கிறார்கள். அங்கே என்ன மண் என்பது இரண்டாம் கேள்வி.

இதற்குச் சான்று 1993இல் மெல்போர்னில் ஆண்டி சூவின் குழு விவரித்த ஒரு குரோமோசோம். உடைந்துபோன 10ஆவது குரோமோசோமிலிருந்து வந்த அது, ஆல்ஃபா சாட்டிலைட் கொஞ்சமும் இல்லாமலேயே செல் பிரிவில் ஒழுங்காக நடந்துகொண்டது. வேறோர் இடத்தில் புதிதாகச் சென்ட்ரோமியர் முளைத்திருந்தது. அதைப் போன்ற புதுச் சென்ட்ரோமியர்கள் பின்னர் நிறையக் கண்டறியப்பட்டன. இதற்கு மறுபுறமும் உண்டு: இரண்டு சென்ட்ரோமியர்கள் ஒரே குரோமோசோமில் மாட்டிக்கொள்ளும்போது, வரிசை அப்படியே இருக்க, ஒன்று செயலிழந்து போகிறது.

இப்போது 1997க்குத் திரும்புங்கள். வெறும் டி.என்.ஏ.வை உள்ளே செலுத்தும்போது அதன்மேல் சென்ப்-ஏ ஒன்றுகூட இல்லை. ஆல்ஃபா சாட்டிலைட்டில் ஆங்காங்கே உள்ள 17 கார இணைப் பெட்டி ஒன்றில் சென்ப்-பி என்ற புரதம் வந்து அமர்ந்து, புதிதாகச் சென்ப்-ஏ சேர வழிசெய்கிறது. ஆனால் அது அரிதாக நடப்பது. நடப்பதற்கு நிறைய இடம் கேட்பது. ஆகவே செலுத்திய துண்டு பல மடங்காகப் பெருகி, வேண்டிய அளவு பெரிதான சில செல்களில் மட்டுமே குரோமோசோம் உருவாகிறது. பன்மடியாதலைச் செல்லின் விளையாட்டு என்று சொல்ல முடியாது. முதல் விதையை நாம் போடாததால் செல் கேட்ட விலை அது.

விதையை நாமே போட்டால்? 2019இல் பென்சில்வேனியாவில் பென் பிளாக்கின் குழு அதைச் செய்தது. செயற்கை டி.என்.ஏ.வில் பாக்டீரியாவிலிருந்து எடுத்த லாக் பிடிப்பிடங்களை வரிசையாக வைத்து, எச்-ஜர்ப் புரதத்தை அந்தப் பிடிப்பிடங்களில் ஒட்டும் புரதத்தோடு இணைத்துச் செல்லுக்குள் கொஞ்ச காலம் ஓடவிட்டார்கள். எச்-ஜர்ப் அங்கே இழுத்து வரப்பட்டு, சென்ப்-ஏவை இறக்கியது. பிறகு அந்தத் தூண்டுதலை நிறுத்திய பின்னும் சென்ட்ரோமியர் தானாகவே நின்றது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஆல்ஃபா சாட்டிலைட் இல்லாத சாதாரண டி.என்.ஏ.விலும், 4ஆவது குரோமோசோமிலிருந்து எடுத்த ஒரு பகுதியில், இது வேலை செய்தது என்பது.

பன்மடியாதல் மட்டும் அப்போதும் தீரவில்லை. அதே குழு 2024இல் வேறு வழியில் போனது. தொடக்கத்திலேயே பெரிதாகச் செய்துவிட்டால் செல் அதைப் பெருக்கத் தேவையிருக்காது என்பது கணிப்பு. ஏறத்தாழ ஏழரை லட்சம் கார இணைகள் நீளமுள்ள கட்டுமானத்தை ஈஸ்ட்டுக்குள் கட்டினார்கள். நீளம் போதாமல் போன இடத்தில் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவின் மரபணுத்தொகுதியையே இடம்நிரப்பியாகப் போட்டார்கள். ஈஸ்ட்டின் புறச்சுவரைக் கரைத்துவிட்டு மனிதச் செல்லோடு நேரடியாக ஒட்டவைத்ததால், அந்த நீண்ட டி.என்.ஏ. குழாயிலும் ஊசியிலும் ஏறி இறங்கி முறியாமல் முழுதாகப் போய்ச் சேர்ந்தது. பெருகாத, ஒற்றைப்படிச் செயற்கைக் குரோமோசோம்கள் கிடைத்தன. கணக்கன் அவர்கள் கேட்ட 'கட்டுதல்' என்ற சொல்லுக்கு இந்த இடத்தில்தான் தகுதி வருகிறது என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். முதல் அறிவிப்புக்கு 27 ஆண்டுகள் கழித்து.

கணக்கன்

சொல்லை விட்டுக்கொடுக்கிறேன். 2024க்கு மட்டும்.

மருதன்

இதுவரை பேசியது கீழிருந்து மேலாகக் கட்டும் வழி. மேலிருந்து கீழாகச் செதுக்கும் வழி ஒன்று இருக்கிறது. செயற்கைக் குரோமோசோம் வழியே மரபணுவைச் செலுத்துவதில் இதுவரை உருப்படியாக நடந்தவற்றில் பெரும்பகுதி அந்த வழியில் நடந்ததே.

இயற்கையான குரோமோசோம் ஒன்றை எடுத்துக்கொண்டு, டெலோமியர் வரிசையைக் குறிப்பிட்ட இடத்தில் செருகினால் குரோமோசோம் அங்கே முறிந்து புதுமுனையோடு நின்றுவிடும். இரு கைகளையும் அப்படி வெட்டிவிட்டால் சென்ட்ரோமியரும் சுற்றியுள்ள சிறு பகுதியும் மட்டும் எஞ்சும். ஜப்பானின் தொத்தோரி பல்கலைக்கழகத்தில் மித்சுவோ ஓஷிமுராவும் யாசுஹிரோ கசுகியும் 21ஆவது குரோமோசோமை இப்படிச் செதுக்கினார்கள். குறித்த இடத்தில் வெட்டி ஒட்டும் வேலை கோழியின் டிடி40 செல்லில் நன்றாக நடக்கும் என்பதால், மனிதக் குரோமோசோமைக் கோழிச் செல்லுக்குள் கொண்டுபோய் வைத்துச் செதுக்கினார்கள். தெரிந்த மரபணுக்கள் அனைத்தும் நீக்கப்பட்டு, சரக்கை ஏற்றிக்கொள்ள லாக்ஸ்-பி என்ற கொக்கி ஒன்று பொருத்தப்பட்டது. சென்ட்ரோமியர் இயற்கை தந்தது. ஆகையால் விதை போடும் தொல்லையும் இல்லை, பன்மடியாதலும் இல்லை.

தேன்சிட்டு அவர்கள் கேட்ட டிஸ்ட்ரோஃபின் முழு மரபணுவையும், முன்பின் கட்டுப்பாட்டுப் பகுதிகளோடு 24 லட்சம் கார இணைகளாக, அந்தக் கொக்கியில் மாட்டியாகிவிட்டது. நோயாளியின் செல்லிலிருந்து உருவாக்கிய ஸ்டெம் செல்களில் அதை வைத்துப் பழுதை நீக்கிக் காட்டிய ஆய்வு 2010இல் வந்தது. 2011இல் பிரான்செஸ்கோ தெதெஸ்கோவும் ஜூலியோ கோசுவும் தசைச் சிதைவு கொண்ட எலியின் முன்னோடிச் செல்களில் (தசையாக வளரக்கூடியவை) இந்தக் குரோமோசோமை ஏற்றி, அவற்றை எலிக்குத் திருப்பிச் செலுத்தினார்கள். தசையில் டிஸ்ட்ரோஃபின் தோன்றியது, தசையின் செயல்பாடும் மேம்பட்டது.

தேன்சிட்டு

அனைவருக்கும் நன்றி. ஆனால் குழப்பம் கூடிவிட்டது. செதுக்கும் வழியில் குரோமோசோம் தயார், முழு மரபணு ஏறிவிட்டது, எலியில் பலன் தெரிந்துவிட்டது, அதுவும் 2011இலேயே. அப்படியென்றால் தடை எதில்?

நுண்ணோக்கி

கொண்டு சேர்ப்பதில்.

பல பத்து லட்சம் கார இணைகள் நீளமுள்ள ஒன்றை எந்த வைரஸும் சுமக்காது. தனியே பிரித்தெடுத்துக் குழாயில் உறிஞ்சினால் நூல் அறுவதுபோல அறுந்துவிடும். கைவசமுள்ள வழி, 1977இல் ஃபோர்னியரும் ரடிலும் வகுத்த நுண்செல் வழிக் குரோமோசோம் மாற்றம். செயற்கைக் குரோமோசோம் உள்ள கொடைச் செல்லுக்குப் பிரிதலைத் தடுக்கும் மருந்தை இரண்டு நாட்களுக்கு மேல் கொடுத்தால், உட்கரு ஒன்றாக இருக்க முடியாமல் ஓரிரு குரோமோசோம்கள் கொண்ட சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்துவிடும். வளர்ப்புக் குடுவையின் வாய்வரை செல்லின் உள்சட்டத்தைத் தளர்த்தும் சைட்டோகலாசின் பி கலந்த திரவத்தை நிரப்பி, குடுவையோடு சேர்த்து மையவிலக்கியில் வேகமாகச் சுழற்றினால், செல்கள் குடுவைச் சுவரைப் பற்றிக்கொண்டு நிற்க, பொட்டலங்கள் மட்டும் பிய்ந்து அடியில் விழும். குடுவை ஓரத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் சுழலும்போது நொறுங்கிப்போகும். எனக்கு ஒரு முறை பத்து நாள் உழைப்பு அப்படித்தான் போனது. தப்பியதை 8, 5, 3 மைக்ரான் வடிகட்டிகளில் அடுத்தடுத்து வடித்து, பெறும் செல்களின் மேல் பரப்பி, செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பாலிஎத்திலீன் கிளைக்காலை ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத் தொடவிட்டுக் கழுவ வேண்டும். ஐந்து வினாடி கூடினால் செல் சாகும், குறைந்தால் ஒட்டாது.

பிறகு தேர்வு மருந்து போட்டுக் காத்திருக்க வேண்டும், மூன்று வாரம். கடைசியில் தட்டில் இரண்டோ மூன்றோ திட்டுகள் தெரியும். லட்சத்தில் ஒரு செல், பல நேரங்களில் அதற்கும் குறைவு. வெறுந்தட்டையும் பார்த்திருக்கிறேன்.

இதனோடு சிகிச்சையைப் பொருத்திப் பாருங்கள். நோயாளியின் தசை முன்னோடிச் செல்கள் வெளியே வளர்ப்பில் சில பத்துப் பிரிவுகளுக்குமேல் தாங்குவதில்லை. அந்த லட்சத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது குரோமோசோமைச் சரியாகப் பெற்றதா என்று சோதித்து முடிப்பதற்குள்ளேயே அதன் ஆயுளில் பாதி போய்விடும். தெதெஸ்கோவின் குழு 2018இல் இதற்கு ஒரு சுற்றுவழி கண்டது: செல்களுக்குத் தற்காலிகமாகச் சாகாத்தன்மையைக் கொடுத்து, குரோமோசோமை ஏற்றிப் பெருக்கிய பின் அந்தத் தன்மையை வெட்டியெடுத்துவிடுவது. தட்டம்மை வைரஸின் உறைப்புரதங்களைக் கொடைச் செல்லில் உருவாக்கி, நுண்செல் தானாகவே போய் ஒட்டும்படி செய்யும் முறையும் ஜப்பானில் வந்திருக்கிறது. முன்னேற்றம்தான், எனினும் சிகிச்சைக்கு வேண்டிய எண்ணிக்கை இன்னும் எட்டவில்லை.

கணக்கன்

அந்த எண்ணிக்கையைத்தான் சொல்ல வந்தேன். ஒரே செல்லிலிருந்து நூறு கோடி செல்கள் வேண்டுமென்றால் அது 30 முறை இரட்டிக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவிலும் நூற்றில் ஒரு செல் செயற்கைக் குரோமோசோமைத் தவறவிடுகிறது என்று வைத்துக்கொண்டால், 30 பிரிவுக்குப் பின் அதை வைத்திருப்பவை 74 விழுக்காடு. நூற்றில் பத்து தவறவிட்டால் வெறும் 4 விழுக்காடு. ஆயிரத்தில் ஒன்று என்றால் 97. 'நிலையானது' என்ற சொல்லை நம்பாமல், ஒரு பிரிவுக்கு எத்தனை என்று கேட்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று. அரிவாள் செல் நோய்க்கு, டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கருவியான கிரிஸ்பர் கொண்ட சிகிச்சை 2023இல் ஒப்புதல் பெற்றுவிட்டது. அதில் மரபணு எதையும் சுமந்து போகவில்லை. இருப்பதிலேயே ஓரிடத்தில் வெட்டியதுதான். பழுது ஓரெழுத்தில் இருக்கையில் அந்த எழுத்தைத் திருத்தினால் போயிற்று. இதற்கு இத்தனை பெரிய வாகனம் எதற்கு? செயற்கைக் குரோமோசோம் காத்திருந்த காலத்தில் அதன் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

செம்பருத்தி

விழுக்காட்டுக் கணக்கு சரி. ஆனால் அது செல் பிரியும்வரைதான் பொருந்தும். தசை நாரோடு கலந்த பிறகு உட்கரு பிரிவதில்லை. இழப்பும் அத்தோடு நின்றுவிடும். இரத்தச் செல்களுக்குத்தான் உங்கள் கணக்கு கடுமையானது.

வேறு கடை என்பதில் எனக்குப் பாதி உடன்பாடு. ஓரெழுத்துப் பிழைக்குத் திருத்தமே போதும். ஆனால் டிஸ்ட்ரோஃபினில் பெரும்பாலான நோயாளிகளுக்கு ஒன்றோ பலவோ எக்ஸான்கள் முழுதாகவே காணாமல் போயிருக்கின்றன. இல்லாததைத் திருத்த முடியாது. குரோமோசோமுக்குள் மரபணுவைச் செருகும் வைரஸ்களின் கதையையும் மறந்துவிடக் கூடாது. பாரிஸில் பிறவி நோயெதிர்ப்புக் குறைபாட்டுக்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகளில் நால்வருக்கு இரத்தப் புற்று வந்தது. செருகப்பட்ட வைரஸ் எல்.எம்.ஓ.2 போன்ற மரபணுக்களின் அருகில் போய் அமர்ந்து அவற்றைத் தூண்டிவிட்டதே காரணம். தனித்து நிற்கும் வாகனம் வேண்டும் என்ற எண்ணத்துக்கு வலுச் சேர்த்தது அந்த நிகழ்வுதான். இன்றைய வைரஸ்கள் அதைவிடப் பாதுகாப்பாக மாற்றியமைக்கப்பட்டவை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

மருதன்

மருத்துவமனையை மட்டுமே அளவுகோலாக வைத்தால் இத்துறைக்கு அநியாயம் செய்தவர்களாவோம். மனித எதிர்ப்புரத (ஆன்டிபாடி) மரபணுக்களை எடுத்துக்கொள்ளுங்கள். கனச் சங்கிலிக்கான பகுதி 14ஆவது குரோமோசோமிலும், லாம்டா என்னும் இலகுச் சங்கிலிக்கானது 22ஆவதிலும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பத்து லட்சம் கார இணை அளவிலானது. துண்டுகளாக இருந்து, ஒவ்வொரு செல்லிலும் வேறு வேறு விதமாகச் சேர்ந்துதான் எதிர்ப்புரத வகைகள் பிறக்கின்றன. ஆகவே சுருக்க முடியாது, முழுப்பகுதியும் வேண்டும். இரண்டையும் ஒரே செயற்கைக் குரோமோசோமில் ஏற்றி, குளோனிங் முறையில் கன்றுகளைப் பிறப்பித்த ஆய்வை யோஷிமி குரோய்வா, ஜேம்ஸ் ரோபிள் ஆகியோர் 2002இல் வெளியிட்டார்கள். கன்றுகளின் இரத்தத்தில் மனித எதிர்ப்புரதம் இருந்தது. பின்னர் மாட்டின் சொந்த எதிர்ப்புரத மரபணுக்களையும் முடக்கினார்கள்.

இந்த வகை மாட்டுக்குத் தடுப்பூசி போட்டு, கிடைக்கும் மனித எதிர்ப்புரதத்தைத் தூய்மைப்படுத்தி, மெர்ஸ் என்னும் வைரஸ் சுவாச நோய்க்கான மருந்தாக மனிதத் தன்னார்வலர்களிடம் செய்த முதல்கட்டச் சோதனையின் முடிவு 2018இல் வந்தது. ஆகவே தலைப்புக் கேள்விக்கு என் பதில்: செயற்கைக் குரோமோசோம் மனிதரை எட்டவில்லை, ஆனால் அது மாட்டுக்குள் இருந்து செய்த பொருள் எட்டியிருக்கிறது. மாட்டில் இது முடிந்ததற்கும் காரணம் எளிது. லட்சத்தில் ஒரு செல் கிடைத்தால் போதும். அந்த ஒன்றிலிருந்தே முழு விலங்கையும் உருவாக்கிவிடலாம். நோயாளிக்கு அப்படிச் செய்ய முடியாது.

ஆய்வுக் கருவியாக இதன் பயன் வேறு. டவுன் நோய்க்குறியை ஆராய, மனிதனின் 21ஆவது குரோமோசோமின் நீண்ட கையை எலியின் செயற்கைக் குரோமோசோம் ஒன்றில் ஏற்றிய எலி வகை 2020இல் வந்தது. முந்தைய எலி வகை ஒன்றில் மனிதக் குரோமோசோம் சில செல்களில் தொலைந்து, சிலவற்றில் நின்று, முடிவுகளைக் கலங்கடித்தது. எலியின் சென்ட்ரோமியரைக் கொடுத்ததும் அந்தத் தொல்லை பெருமளவு நீங்கிவிட்டது.

வெண்ணிலவு

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு கேள்வி. உடலில் ஏற்றிய இந்தக் குரோமோசோம் பிள்ளைகளுக்கும் போகுமா? தவறு நேர்ந்தால் திரும்ப எடுக்க வழியுண்டா? 2025இல் பிரிட்டனில் வெல்கம் அறக்கட்டளை ஒரு கோடி பவுண்டு கொடுத்து, மனித மரபணுத்தொகுதியைச் செயற்கையாக எழுதும் கருவிகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியபோதும் இதே அச்சம் பரவலாகப் பேசப்பட்டது.

செம்பருத்தி

தசையிலோ இரத்தத்திலோ உள்ள செல்லில் ஏற்றினால் பிள்ளைகளுக்குப் போகாது. விந்தணுவையும் கருமுட்டையையும் தரும் செல்லில் இருந்தால் போகக்கூடும். எலிகளில் அப்படிப் போயிருக்கிறது. இணையில்லாத தனிக் குரோமோசோம் என்பதால், போனாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் போகாது. அந்த வகைச் செல்லில் மாற்றம் செய்வது பல நாடுகளில் சட்டப்படி தடைசெய்யப்பட்டது; அந்தத் தடை தேவையானது என்றே நானும் கருதுகிறேன்.

திரும்ப எடுக்கும் வழி, குறைந்தது வளர்ப்புச் செல்லில், உண்டு. வில்லியம் எர்ன்ஷா, விளாடிமிர் லாரியோனோவ், மசுமோட்டோ ஆகியோர் 2008இல் வெளியிட்ட செயற்கைக் குரோமோசோமில், ஆல்ஃபா சாட்டிலைட் அடுக்கின் ஒவ்வோர் இரண்டாம் அலகிலும் டெட் பிடிப்பிடம் ஒன்றை (முன்பு சொன்ன லாக் போலவே, குறிப்பிட்ட புரதம் வந்து ஒட்டும் வரிசை) எழுதிவைத்தார்கள். மரபணுவை அடக்கும் புரதம் ஒன்றை அங்கே கொண்டுபோய் ஒட்டினால் சென்ட்ரோமியர் அணைந்துவிடும். பிடியிழந்த குரோமோசோம் அடுத்தடுத்த பிரிவுகளில் தொலைந்துபோகும். பாதையில் புல்லை வளரவிட்டதைப் போல. இயற்கையான குரோமோசோம் ஒன்றில் இப்படிச் செய்து பார்த்தால் செல்லே செத்துவிடும் என்பதால், சென்ட்ரோமியர் எதனால் நிற்கிறது என்பதை ஆராய இதைவிட நல்ல களம் கிடையாது.

தேன்சிட்டு

இறுதியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். செம்பருத்தி அவர்கள் சொன்ன 2024ஆம் ஆண்டின் ஒற்றைப்படிக் குரோமோசோம் டிஸ்ட்ரோஃபினை ஏற்றுமா?

நுண்ணோக்கி

அந்தக் கட்டுமானத்தின் மொத்த நீளமே ஏழரை லட்சம். டிஸ்ட்ரோஃபின் மட்டுமே அதைப்போல மூன்று மடங்கு. பாக்டீரியா இடம்நிரப்பியை எடுத்துவிட்டு அங்கே சரக்கை வைக்கலாம். சில லட்சம் கார இணைகளுக்குள் அடங்கும் மரபணுக்களுக்கு அது போதும். முழு டிஸ்ட்ரோஃபினுக்கு ஈஸ்ட்டுக்குள் இன்னும் மிகப் பெரிதாகக் கட்டியாக வேண்டும். ஈஸ்ட்டோடு மனிதச் செல்லை ஒட்டவைக்கும் முறையும் எளிதில் வளரும் வளர்ப்புச் செல்லில் செய்யப்பட்டது. நோயாளியின் முன்னோடிச் செல் அதைத் தாங்குமா என்பதைச் செய்துதான் பார்க்க வேண்டும்.

என்னிடம் அப்படியொரு செல் வரிசையைக் கொடுத்தால் முதலில் செய்வது இதுதான்: தேர்வு மருந்தை நிறுத்திவிட்டு அறுபது நாள் வளர்ப்பேன். வாரம் ஒரு முறை தகட்டில் சொட்டி, நூறு செல்களில் எத்தனையில் புள்ளி இருக்கிறது, அது ஒன்றாக இருக்கிறதா இரண்டாக இருக்கிறதா, முதல் வாரத்தில் இருந்த அளவிலேயே இருக்கிறதா என்று எண்ணுவேன். எட்டாவது வாரத்திலும் தொண்ணூறுக்கு மேல் வந்தால் கணக்கன் அவர்களுக்குத் தகவல் அனுப்புகிறேன்.

கணக்கன்

அனுப்புங்கள். ஒரு பிரிவுக்கு எத்தனை என்பதை நானே போட்டுக்கொள்கிறேன். செல் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை இரட்டிக்கிறது என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.